காற்றும் பதினேழரை செகண்டும்

எங்கள் ஊரில் ஓடி யாரும் உலக சாதனை செய்ய முடியாது. செய்தாலும் செல்லாது.

காரணம், காற்று. 100 மீட்டர் ஓட்டத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று தள்ளினால் அந்த நேரத்தை சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். சர்வதேச விதி அது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் 2 மீட்டர் என்பதற்குக் காற்று என்றே பெயர் கிடையாது. முப்பந்தல் காற்றாலைகள் 3, 4 மீட்டர் வந்தால்தான் சோம்பல் முறித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். ஆனி, ஆடியில் வந்து பாருங்கள். வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர் இரண்டு கையாலும் மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். குடை என்பது எங்களுக்கு ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சாமான்.

காற்று சமாசாரத்தில் உலகமே ஏமாந்ததோ என்று சந்தேகப்படுகிற ஓர் ஓட்டம் உண்டு. 1988 ஜூலையில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 100 மீட்டரை 10.49 விநாடியில் ஓடினார். பெண்களில் இன்றுவரை அதை யாரும் தொடவில்லை. அந்த ஓட்டத்தின்போது காற்றுமானி காட்டியது பூஜ்யம். அதே மைதானத்தில் அதே நேரத்தில் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ட்ரிப்பிள் ஜம்ப் போட்டியின் காற்றுமானியோ 4.3 என்று காட்டியது! கருவிக்கு அன்றைக்கு என்ன வந்ததோ. சாதனை அப்படியே நிற்கிறது. எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் அங்கே இருந்திருந்தால் கொடிக்கம்பத்தைப் பார்த்தே சொல்லியிருப்பான்.

எனக்கு ஏன் திடீரென்று காற்று மேலும் ஸ்டாப் வாட்ச் மேலும் அக்கறை வந்தது என்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணால். வயது 22. பி.காம். போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஓடுகிறாள். அவள் அம்மா செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். தோவாளைத் தாலுகாவில் சூளைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழை பெய்தால் சூளை இல்லை, சூளை இல்லையென்றால் கூலி இல்லை. இந்த வருஷம் வேலை கிடைக்காவிட்டால் பணகுடியிலிருந்து வந்திருக்கிற ஒரு ஜாதகத்துக்குத் தலையாட்டுவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை நல்ல பையன் என்றுதான் கேள்வி. அவளுக்குத்தான் இப்போது மாப்பிள்ளை வேண்டாம், காக்கிச் சட்டை வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தாள். "மாமா, உங்க போன்ல செகண்டு பாக்க முடியும்லா? நாளைக்கு வந்து பிடிச்சுத் தாங்க மாமா."

போனேன். 18.1.

தேர்வு வாரியத்தின் 2023 அறிவிப்பை எடுத்துப் படித்தேன். பெண்களுக்கு 100 மீட்டர் 17.5 விநாடிக்குள் ஓடினால் ஒரு நட்சத்திரம், 15.5-க்குள் ஓடினால் இரண்டு. ஆண்களுக்கு இதே தூரம் 15 விநாடி, 13.5 விநாடி. நீளம் தாண்டுதல் பெண்களுக்கு 3 மீட்டர், ஆண்களுக்கு 3.80. நட்சத்திரம்தான் மார்க். மார்க்தான் வேலை. ஆக, அவளுடைய எதிர்காலம் ஒரு விநாடியில் பத்தில் ஆறு பங்கு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

பத்தில் ஆறு பெரிசா என்று கேட்கக்கூடாது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷாவுக்கு 400 மீட்டர் தடை ஓட்ட வெண்கலம் போனது நூறில் ஒரு பங்கில். ருமேனியாக்காரிக்கு 55.41, உஷாவுக்கு 55.42. கண் சிமிட்டுவதற்குக் கூட அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

எங்கள் ஊர்ப் பையன்கள் விடிகாலை ஐந்து மணிக்கே நாகர்கோவில் - காவல்கிணறு ரோட்டில் கூட்டமாக ஓடுவார்கள். அவர்களோடு இவளும். ஐந்து கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர். மூன்று மாதம் இப்படி ஓடியும் 100 மீட்டர் நேரம் இம்மியும் குறையவில்லை. "உடம்பு வாகு அப்படி, பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவுதான் வரும்" என்று ஒரு பையன் தீர்ப்பும் சொல்லிவிட்டானாம். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. அதென்ன உடம்பு வாகு? பார்த்துவிடுவோம் என்று புத்தகம், கட்டுரை என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

மீன் வாங்குகிறவர்களுக்கு விஷயம் பாதி தெரியும். அயிலையையோ சாளையையோ நறுக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் தோலுக்கடியில் ஒரு கருஞ்சிவப்பு வரி ஓடும். மற்ற சதையெல்லாம் வெளுப்பு. அந்தச் சிவப்புச் சதைதான் மீன் நாளெல்லாம் சாவகாசமாக நீந்த உபயோகிப்பது. வெள்ளைச் சதை, பெரிய மீன் துரத்தும்போது ஒரே வெட்டில் தப்பிக்க. கடலில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிற சூரைக்குச் சிவப்பு அதிகமாக இருப்பது இதனால்தான். கோழியிலும் இதே கதை. நாளெல்லாம் நின்று நடக்கிற காலில் கறி சிவப்பு; எப்போதாவது சுவரேறப் படபடக்கிற நெஞ்சில் வெளுப்பு. (லெக் பீஸுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் உண்மையில் மெது இழைக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.)

மனுஷனுக்கு இப்படித் தனித்தனியாகப் பாத்தி கட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு தசையிலும் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மெது இழை, வேக இழை. மெது இழை சின்ன பலத்தோடு நெடுநேரம் உழைக்கும், களைக்காது, பிராணவாயு கேட்கும். வேக இழை சடாரென்று இழுக்கும், சீக்கிரம் படுத்துவிடும். வேக இழையிலும் இரண்டு தினுசு உண்டு. ஒன்று ஓரளவு தாக்குப் பிடிக்கும். இன்னொன்று தீபாவளி ஓலை வெடி. எனக்குப் பிடித்தது அந்த நடுவிலான். அவன் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

யாருக்கு எது எத்தனை என்று தெரிய வேண்டுமானால் தொடையில் ஊசி விட்டுச் சில அரிசிமணி அளவு சதையைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராம் என்ற டாக்டர் 1962-ல் இந்த ஊசி முறையை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி. அதற்கப்புறம் உலகத்தில் எத்தனையோ ஓட்டக்காரர்கள் விஞ்ஞானத்துக்காகத் தொடையைக் காட்டியிருக்கிறார்கள். பெரிய ஸ்ப்ரின்ட் ஓட்டக்காரர்களுக்கு மெது இழை கால்வாசிதான் இருந்தது. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு முக்கால்வாசி. சாதாரண ஆசாமிகளுக்குச் சுமார் பாதிக்குப் பாதி.

சரி, ஆண், பெண்?

நான் எதிர்பார்த்தது ஏதோ பெரிய வித்தியாசம். அப்படியெல்லாம் இல்லை! தொடைத் தசையில் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவில் நூற்றுக்கணக்கான பேரைச் சோதித்து 1989-ல் வெளியிட்ட கணக்கில் மெது இழை ஆண்களுக்கு 46 சதவிகிதம், பெண்களுக்கு 51. ஆனால் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் இருக்கிற வித்தியாசம் இந்த ஐந்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம். 35-க்குக் கீழேயும் இருக்கிறார்கள், 65-க்கு மேலேயும் இருக்கிறார்கள். ஒருவர் தொடையை மட்டும் கொடுத்து ஆணா பெண்ணா என்று கேட்டால் எண்ணிக்கையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

வித்தியாசம் பருமனில் இருக்கிறது. ஆண்களுக்கு வேக இழைகள் தடித்துக் கிடக்கின்றன. நான் சொன்ன அந்த நடுவிலான்தான் அவர்களிடம் இருப்பதிலேயே தடியன். பெண்களுக்கோ மெது இழைதான் பெரும்பாலும் பருமன். ஒரே எண்ணிக்கை ஆட்கள். ஒரு வீட்டில் மூத்தவன் தின்று கொழுத்திருக்கிறான், இன்னொரு வீட்டில் இளையவன். அவ்வளவுதான். இதற்குக் காரணம் ஆண் ஹார்மோன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை பையனும் பெண்ணும் ஓட்டத்தில் ஏறக்குறைய சமம். ஐந்தாம் கிளாஸில் உங்களை முந்திய பெண் நிச்சயம் ஒருத்தி இருந்திருப்பாள், யோசித்துப் பாருங்கள். அப்புறம்தான் ஹார்மோன் தன் கைவரிசையைக் காட்டுகிறது.

அதுவும் உடம்பெங்கும் ஒரே மாதிரி காட்டுவதில்லை. 1993-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் பெண்களின் கால் பலம் ஆண்களுடையதில் 66 சதவிகிதம். கை, தோள் பலம் 52 சதவிகிதம். வித்தியாசம் இடுப்புக்கு மேலேதான் ஜாஸ்தி. இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கி எறிகிறவனுக்குத்தான் பெண் என்று நம் தென் மாவட்டங்களில் வைத்தார்களே, ஆண்கள் தங்களுக்கு எது தோதோ அதையே பரீட்சையாக வைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் கணவாயைத் தாண்டி நெல்லை மாவட்டத்துக்குள் போனால் வடலிவிளையில் பொங்கலுக்குப் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இப்போது பணவிஷயம் மாதிரி ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். தசைக்குச் செலவுக்கு மூன்று வழி. முதலாவது, சட்டைப் பையில் இருக்கிற சில்லறை. எடுத்தவுடன் செலவழிக்கலாம், பத்து செகண்டுக்குள் பெரும்பாலும் காலி. இரண்டாவது, பக்கத்துக் கடையில் கடன். சர்க்கரையைப் பிராணவாயு இல்லாமலே உடைத்து வாங்குகிற சக்தி. அரை நிமிஷம், ஒரு நிமிஷம், ரொம்ப மிஞ்சினால் இரண்டு நிமிஷத்துக்குக் கை கொடுக்கும். மூன்றாவது மாசச் சம்பளம். மூச்சு வாங்கி, பிராணவாயு சேர்த்து, நிதானமாக வருகிற சக்தி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரும், ஆனால் அவசரத்துக்கு உதவாது.

100 மீட்டர் ஓட்டம் சில்லறையும் கடனும். வேக இழைகளின் ராஜ்யம். இதை அளக்க இஸ்ரேலில் விங்கேட் என்கிற உடற்பயிற்சி நிலையத்தில் 1970-களில் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். சைக்கிளில் உட்கார வைத்து, உடம்பு எடையில் கிலோவுக்கு 75 கிராம் கணக்கில் பாரம் ஏற்றி, 30 செகண்ட் உயிரை விட்டு மிதிக்கச் சொல்வார்கள். முப்பது செகண்ட்தானே என்று ஏறினவர்கள் இறங்கி வாந்தி எடுப்பது சகஜம். இதில் உச்ச சக்தி ஆண்களுக்கு நிறையவே அதிகம். எடைக்கு எடை பார்த்தாலும் அதிகம். கொழுப்பைக் கழித்துச் சதையை மட்டும் கணக்கிட்டால் இடைவெளி நன்றாகச் சுருங்கிவிடுகிறது. பெண்ணின் சதை மட்டமான சரக்கு அல்ல, அளவுதான் குறைச்சல் என்று அர்த்தம்.

அதோடு இன்னொன்று. இப்படி 30 செகண்ட் மிதித்து, கொஞ்சம் ஓய்வெடுத்து, திரும்பத் திரும்ப மிதிக்க வைத்த சோதனைகளில் தசையின் சக்தி இருப்பு பெண்களுக்குக் குறைவாகவே இறங்கியது. அதாவது ஆண் முதல் தேதியே சம்பளத்தைக் காலி செய்கிறான். பெண் கடைசித் தேதிவரை ஓட்டுகிறாள். நான் சொல்லவில்லை, ஸ்வீடன்காரர்கள் ஊசி குத்திப் பார்த்துச் சொன்னது. என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். "இதுக்கு ஊசி எதுக்கு?" என்றாள்.

கடன் என்று சொன்னேனே, அந்தக் கடனோடு வருவது லாக்டேட். ஓடினால் கால் வலிக்கிறது, லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று இன்னமும் பல மைதானங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அதன் மேல் வீண் பழி. ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே அது பெரும்பாலும் ரத்தத்திலிருந்து போய்விடும். போகிற வழியில் இருதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் வலிக்கிறதே, அது இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம்.

களைப்பு விஷயத்தில் இன்னும் ஒரு சோதனை படித்தேன். 2001-ல் அமெரிக்காவில் செய்தது. ஒவ்வொருவருடைய அதிகபட்ச பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாரத்தை, முழங்கையை மடக்கி அப்படியே பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆண்கள் சராசரியாக 14 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெண்கள் சரியாக அரை மணி!

இதை நம்ப முடியாமல் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்த்தேன். என் மகன் ஜிம்முக்குப் போகிறவன். சட்டைக் கை பிதுங்கும். இருவரும் ஒரு கையால் அதிகபட்சம் எவ்வளவு மடக்கித் தூக்குகிறார்கள் என்று பார்த்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பெயிண்ட் வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். அவனுக்கு 4 லிட்டர். அவளுக்கு 2 லிட்டர்.

"இது என்ன நியாயம்ப்பா? எனக்கு நாலு, இவளுக்கு ரெண்டா?"

"உனக்குச் சம்பளம் ஜாஸ்தி, அதனாலே வரியும் ஜாஸ்தி. பிடிடே."

ஒன்பதாவது நிமிஷம் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. பதினோராவது நிமிஷம் வாளி கீழே. அவள் பதினேழாவது நிமிஷத்தில், "மாமா, அம்மைக்குச் சோறு கொண்டு போணும், வச்சிரட்டா?" என்று கேட்டாள். இரண்டே பேரை வைத்துச் செய்தது விஞ்ஞானம் ஆகாது, வேடிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விஞ்ஞானிகள் சொல்கிற காரணம் ருசிகரமானது. தடித்த தசை இறுகும்போது தனக்கு வருகிற ரத்தக் குழாயைத் தானே நெருக்கிவிடுகிறது. பலசாலி தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்கிறான். சம பலமுள்ள ஆணையும் பெண்ணையும் தேடிப் பிடித்து இப்படி ஒரே பிடியாகப் பிடிக்க வைத்தபோது வித்தியாசம் மறைந்துபோனது.

அவள் அம்மாவைப் பற்றி அப்போதுதான் நினைத்தேன். பத்து, பன்னிரண்டு செங்கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நடக்கிறாள். ஒரு செங்கல் மூன்று கிலோ. எந்த மைதானத்திலும் அவளுக்கு யாரும் ஸ்டாப் வாட்ச் பிடித்ததில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருத்தர் உண்டு. ஆளைப் பார்த்தால் இன்னமும் விசில் ஊதுவார் போலிருக்கும். அவரிடம் இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதம் ஓடின கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வே, கட்டை வண்டி பழக்கிக்கிட்டு இருந்திருக்கா. கார் ஓட்டணும்னா கார்ல ஏறணும்லா?"

அவர் பச்சையாகச் சொன்னதை ஹென்னிமன் என்ற அமெரிக்கர் 1965-ல் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார். மூளை தசையைக் கூப்பிடும்போது முதலில் சின்ன மெது இழைகளைத்தான் கூப்பிடும். வேலை கஷ்டமானால்தான் அடுத்த வரிசை. முழு மூச்சாக முயன்றால்தான் கடைசி வரிசையில் தூங்குகிற வேக இழைக்கு ஆள் அனுப்பும். ஆறு கிலோமீட்டர் மெதுவாக ஓடினால் அந்தக் கடைசி வரிசைக்காரன் அவ்வளவு தூரமும் தூங்கிக்கொண்டேதான் வருவான்.

மாஸ்டர் திட்டம் சின்னது. வாரத்துக்கு மூன்று நாள். 30 மீட்டர், 40 மீட்டர், உயிரைக் கொடுத்து. ஆறு தடவை. நடுவில் மூன்று, நான்கு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். இந்தச் சும்மா நிற்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். சில்லறை திரும்பப் பைக்குள் வர வேண்டாமா? பாதி இருப்பு அரை நிமிஷத்தில் திரும்பிவிடும், முழுசும் வர மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஓடினால் கடனில்தான் ஓட வேண்டியிருக்கும். அது வேறு பயிற்சி. மீதி நாட்களில் கோணிச் சாக்கில் மணல் கட்டித் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்திருத்தல், தாண்டுதல், படி ஏறுதல்.

ஆரம்ப வாரங்களில் வருகிற முன்னேற்றம் சதையால் அல்ல, நரம்பால். கூப்பிட்ட குரலுக்கு அதிக இழைகள் ஒரே சமயத்தில் எழுந்து வரப் பழகுகின்றன. அப்புறம்தான் சதை. சதவிகிதக் கணக்கில் பார்த்தால் பெண்களும் ஆண்கள் அளவுக்கே பலம் ஏறுகிறார்கள், ஆரம்பம்தான் வேறு. மெது இழையை வேக இழையாக மாற்றுவது சுலபமில்லை. ஆனால் அந்த நடுவிலான் இருக்கிறானே, அவன் படிக்கிற பிள்ளை. பயிற்சி செய்தால் ஓலை வெடி இழைகள் நடுவிலானாக மாறுகின்றன, தடிக்கின்றன. பயிற்சியை நிறுத்தினால் திரும்ப ஓலை வெடி. உடம்பு வாகு என்று அந்தப் பையன் சொன்னானே, அதில் பிறப்பில் வந்தது பாதி. மீதி பாதி மணல் சாக்கு.

நேரம் பார்ப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. நாகர்கோவில் பக்கமிருந்து கணவாயைப் பார்த்து ஓடினால் 16.6. சந்தோஷத்தில் குதித்தாள். திரும்பி எதிர்க்காற்றில் ஓடச் சொன்னேன். 19.2. கண்ணில் தண்ணீர். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாக வருமே என்று நீங்கள் நினைக்கலாம். வராது. பின்காற்று கொடுப்பதைவிட எதிர்க்காற்று எடுப்பது அதிகம். கடைசியில், காற்று அடங்கியிருக்கிற ஐப்பசி விடியலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்தோம். 17.3.

அவள் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "அண்ணாச்சி, அந்த ரெண்டு புள்ளியிலயா இவளுக்குப் போலீசு வேலை இருக்கு?"

"ஆமா, அதுலதான் இருக்கு."

"எங்க சூளையில ரெண்டு கல்லு குறைஞ்சாக்கூட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

எனக்கு அந்த அறிவிப்பில் ஒரே ஓர் இடம்தான் உறுத்துகிறது. உடல் தாங்கு திறன் என்று முதலில் ஒரு ஓட்டம் வைக்கிறார்கள். அதில் தேறினால்தான் மற்றது. ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்களின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெண்களின் வேகம் 9.6. ஓட்டம் என்று கூடச் சொல்ல முடியாது, பஸ் கிளம்பிவிடுமோ என்று சந்தேகத்தோடு போகிற வேகம். தூரமோ கால்வாசிக்குச் சற்று மேல்.

100 மீட்டரில் சலுகை கொடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. உலக சாதனையில் 9.58-க்கும் 10.49-க்கும் நடுவே பத்து சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி உண்டு. வாரியம் பதினாறு, பதினேழு சதவிகிதம் தருகிறது, தாராளம்தான், தரட்டும். பெண்ணுக்கு இயற்கை குறைத்துக் கொடுத்தது வெடிக்கிற சக்தியை. தாங்குகிற சக்தியை அல்ல. அதில்தான் அவள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறாள். அந்தத் தாங்கு திறனை அளக்கிற இடத்தில் போய் தூரத்தைக் கால்வாசியாக வெட்டினால் எப்படி?

இந்த வெட்டுக்கு ஒரு பழைய வம்சாவளி உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் ஜெயித்தார். ஓடி முடித்த சிலர் புல்லில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஓடினவர்கள் யாரும் செய்கிற காரியம். பத்திரிகைகள் என்னமோ பெண்கள் மைதானமெங்கும் மயங்கி விழுந்து கிடந்த மாதிரி எழுதித் தள்ளின. அவ்வளவுதான், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் கிடையாது என்று மூடிவிட்டார்கள். 800 மீட்டர் திரும்ப வந்தது 1960-ல், ரோமில். முப்பத்திரண்டு வருஷம்! மாரத்தான் வந்தது 1984-ல்.

என் கட்சியை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு என் மேல் கோபம்தான் வந்தது.

"மாமா, இப்பம் இருக்கது போரும். நீங்க எழுதிப் போட்டு அவிய ஆயிரத்து ஐநூறு ஆக்கிட்டா, எங்கூட ஓடுத பிள்ளையளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

அதுவும் வாஸ்தவம். பரீட்சைக்குப் போகிறவளிடம் பாடத்திட்டத்தைப் பற்றித் தர்க்கம் செய்யக்கூடாது.

தேர்வு நடந்தது. 400 மீட்டரை ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டு, மற்றவர்கள் வருகிறவரை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். 100 மீட்டர் 17.1. நீளம் தாண்டியது 3.40. பந்து எறிதலில்தான் பயந்துகொண்டிருந்தாள். தோள் சமாசாரம் ஆயிற்றே! 17 மீட்டர் வேண்டும், 19 போயிற்று. மூன்றிலும் ஒவ்வொரு நட்சத்திரம். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்திருப்பதாகச் சொல்கிறாள். பட்டியல் இன்னும் வரவில்லை. பணகுடிக்காரர்களிடம் அம்மா தவணை கேட்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கதவைத் தட்டினாள். காற்று இல்லை. முப்பந்தல் பக்கம் ஒரு இறக்கையும் அசையவில்லை.

"மாமா, போன எடுத்துட்டு வாங்க. அந்த ஆயிரத்து ஐநூறப் பாத்துருவோம்."

மைதானத்தில் அந்தத் தீர்ப்புச் சொன்ன பையனும் இருந்தான். கூட ஓடுகிறேன் என்று வந்தான். முதல் சுற்றில் அவன் முப்பது மீட்டர் முன்னால். இரண்டாவது சுற்றிலும் அவன்தான். மூன்றாவது சுற்றில் அவன் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. இவள் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தாள். கடைசி முந்நூறு மீட்டரில் தாண்டினாள்.

அவளுக்கு 6 நிமிஷம் 44. பையனுக்கு 6 நிமிஷம் 58. அவனும் பாஸ்தான்.